மந்திரித்த வண்டியைத் திருப்பிக் கொடுத்தவளுக்கு

பாப்பா,

நேற்று மத்தியானம் நீ போன் பண்ணி, "விடும்மா, வண்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம், அவங்க சொல்ற மாதிரியே செஞ்சிடலாம்" என்று சொன்னபோது நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கையில் கத்தியோடு பேச ஆரம்பித்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது, அதனால்தான். மற்றபடி கோபம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. சாயங்காலம் ஜெபமாலை சொன்னபோதும் அது இறங்கவில்லை. காலையில் பூசைக்குப் போய்வந்தும் இறங்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது உனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் உன் பாடப்புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே படித்துக்கொண்டது. பிழை இருந்தால் இருக்கட்டும். இதை உனக்கு மட்டும் அனுப்பப்போவதுமில்லை. கல்யாணத்துக்காக இரண்டு வீட்டாரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தீர்களே, அதிலேயே போடப்போகிறேன். பேண்டு, கேக், பிரியாணி என்று ஊர்ப்பட்ட விஷயம் அதில் ஓடுகிறது, இதுவும் ஓடட்டும். நீளமாக இருக்கிறது என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் போகலாம். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குரூப்பில் இருக்கிறவர்களுக்கு விஷயம் தெரியாது, அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ பிசியோதெரபி படித்துவிட்டு, பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு உடைந்தவர்கள் வீடுகளுக்கு ஸ்கூட்டரில் போய் வேலை பார்க்கிறாய். மயிலாப்பூரிலிருந்து அடையாறு, அடையாறிலிருந்து பாலவாக்கம், அங்கிருந்து திரும்பவும் தி.நகர். மழையில் நனைந்து போய், ஈரத் துணியோடு அடுத்தவர் காலைத் தூக்கிப் பழக்கிவிட்டு வருவாய். கார் வாங்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது சந்தோஷப்பட்டேன். எந்தக் கார் என்று போனில் படத்தைக் காட்டினாய் பார், அப்போது சந்தோஷம் போய்விட்டது. சின்ன வண்டி. பின்னால் இரட்டைப் புகைக்குழாய். சீட்டில் சிவப்பு நூல் தையல். கம்பெனிக்காரன் அந்த மாடலைச் செய்வதையே நிறுத்திவிட்டான், பழசுதான் கிடைக்கும் என்றாய்.

"இத்தனூண்டு வண்டிக்கு ஏன் இவ்ளோ விலை?" என்று கேட்டேன்.

"எஞ்சின் பெருசும்மா. டர்போ."

"நம்ம ஊர் டிராஃபிக்ல அந்த எஞ்சின் எங்க போகும்?"

"எங்கயும் போகாது. ஆனா இருக்குன்னு எனக்குத் தெரியும்ல."

அந்தப் பதிலுக்கு மேல் நான் வாதாடவில்லை. அது எனக்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டில் எனக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று எனக்கு மட்டும்தானே தெரியும். சரி, ஆறு லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், தேய்ந்த டயர் எல்லாம் அதற்குள்தான் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆறு லட்சம் யாருடையது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். உங்கப்பாவுடையதில்லை, என்னுடையதில்லை, கல்யாணத்துக்கென்று நாங்கள் ஒதுக்கியதிலிருந்து எடுத்ததுமில்லை. நீ சம்பாதித்தது. வீட்டுக் கணக்கை எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியும்.

பிறகு நாம் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. உங்கப்பா வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கே கூப்பிட்டாலும் வருவார், ஆனால் எங்கேயும் வாயைத் திறக்கமாட்டார். மூன்று பேரும் மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே வண்டியைச் செருகி வைத்திருந்தான் அந்த புரோக்கர். கதவைத் திறந்தால் பாதி ஆள்தான் உள்ளே போக முடியும். உங்கப்பாவைப் பார்த்துத்தான் பேசினான்.

"சார், வண்டி சும்மா பறக்கும் சார். டாக்டரு ஓட்டுன வண்டி. உங்களுக்கா சார்?"

"பொண்ணுக்கு," என்றார் உங்கப்பா.

"பொண்ணுக்கா? அப்ப இது இன்னாத்துக்கு சார்? ஆட்டோமேட்டிக் ஒண்ணு கீது, பூ மாதிரி போவும். கலர் கூட பாப்பாவுக்குப் புடிக்கும்."

"அண்ணே, வாங்கறது நானு. என்கிட்ட பேசுங்க," என்றாய் நீ.

"பேசிக்கினுதானேம்மா கீறேன்," என்றான் உங்கப்பா முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நீ உள்ளே நுழைந்து உட்கார்ந்தாய். நான் குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தேன். மீட்டர் காட்டின தூரத்தைப் பார்த்தால் கல்லூரிப் பெண் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டின வண்டி மாதிரி இருந்தது. மிதி ரப்பரோ நம் குளியலறைச் செருப்பு மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது போனைக் குழாயில் சாய்த்து வைத்துப் பார்த்த வீடியோக்கள் வீண்போகவில்லை. "டாக்டருக்குக் கால் ரொம்ப கனமோ?" என்று கேட்டேன். அப்போதுதான் அந்த ஆள் முதல்முறையாக என்னைப் பார்த்தான். "இன்னாம்மா, நீ மெக்கானிக்கா?" என்றான். இல்லை, உன்னை மாதிரி ஆட்களிடம் ஏமாறக்கூடாது என்று நேர்ந்துகொண்டவள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கியது தப்பு.

தி.நகரில் இன்னொரு பிள்ளை. வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி, பின்பக்கம் முழுக்க ஸ்பீக்கர் அடுக்கி வைத்திருந்தான். "ஆன்ட்டி, இது ஸ்டேஜ் டூ ஆன்ட்டி" என்று, எஞ்சின் வேகத்தைக் கூட்டியிருப்பதை என்னிடம் விளக்கினான், பாவம். அதற்கெல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்டான். உன்னோடு தெரு முனைவரை போய்வருவதற்குள் வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியின் வயிறு உரசியது. நாம் கிளம்பும்போது அவனுடைய அம்மா கேட்டுக்குள்ளிருந்து மெதுவாக, "எப்படியாவது வாங்கிட்டுப் போயிடுங்க, இந்தத் தெருவே எங்கள வையுது" என்றாள். அன்றைக்கு மட்டும்தான் நாம் மூவரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மற்ற நாட்களெல்லாம், நல்ல வண்டி என்று போன் பண்ணினால் விற்றுப்போயிருக்கும். விற்காதது விபத்தில் மடங்கி நிமிர்ந்ததாக இருக்கும். இரண்டும் இல்லாதது நம் ஆறு லட்சத்துக்கு மேலே போய் நிற்கும். "மேடம், ஆறுக்கு இந்த வண்டியோட கதவுதான் கிடைக்கும்" என்று ஒருவன் சிரித்தானே. நீ அன்று இரண்டு நோயாளிகளைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருந்தாய்.

இப்போது அடையாறு வண்டிக்கு வருகிறேன். இதில் என் பங்கு இருக்கிறது, மறைக்கமாட்டேன். அந்த ஆள் மரியாதையாகப் பேசினார். முதல் ஆளாக உன்னைப் பார்த்துப் பேசினார். விலையும் நமக்கு எட்டியது. ஆனால் நான் விழுந்தது அதற்கெல்லாம் இல்லை. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. மெழுகு மாதிரி வெள்ளை மணி, நடுவில் மாதா. நம் ஆட்கள் என்று நினைத்துவிட்டேன். ரப்பரைப் பார்க்கிற கண், ஜெபமாலையைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. நீ மெக்கானிக்கைக் கூட்டிவரலாம் என்றாய். "ஜெபமாலை போட்டிருக்கிறவர் மேல சந்தேகப்படாத" என்று அவர் எதிரிலேயே உன்னை அதட்டினேன். அட்வான்ஸ் கொடுத்து, வண்டியை வீட்டுக்கு எடுத்துவந்து, பெயர் மாற்றுவதற்கு முன்பே, மறுநாள் ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் வாசலில் நிறுத்தி ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிக்க வைத்தேன். நாலு பக்கமும் தீர்த்தம் தெளித்தார். நான் பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டேன். பங்கு மக்களில் பாதிப்பேர் பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் வெயிலில் நின்ற வண்டியைத் திறந்தபோது ஒரு வாடை வந்தது. துணி துவைத்த வாளியை மறந்து மூடி வைத்தால் வருமே, அந்த வாடை. நீ சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாய், இழுத்துக்கொண்டே போனாய், கடைசி முழத்தில் சேற்றுக் கோடு. கால் மிதி விரிப்பைக் கிழித்துத் தூக்கினால் அடியில் வண்டல். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. கழுவி, காய வைத்து, சென்ட் அடித்து, ஜெபமாலையும் மாட்டி நம்மிடம் தள்ளியிருக்கிறார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? "மந்திரிச்சாச்சே பாப்பா, மந்திரிச்ச வண்டிய எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?" என்றுதான் கேட்டேன்.

"அம்மா, ஃபாதர் தெளிக்கிறதுக்கு முன்னாடியே அடையாறு தெளிச்சிருக்கு" என்றாய்.

உங்கப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிடிவாதமாக இருந்தேன், எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துகொள்ளலாம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றேன். என் பக்தியின் செலவை உன் பணத்தில் எழுதப் பார்த்தேன். நீ தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆள் வீட்டு வாசலில் நிறுத்தி, சத்தம் போட்டு, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தாய். வந்தவளிடம் தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. பிறகு ஃபாதரிடம் போய், மந்திரித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என் மகள், இது பாவமா என்று கேட்டேன். அவர் சின்ன வயசுக்காரர். "கொடுத்தது நல்லதும்மா, அந்தாளுக்கும் கொஞ்சம் தீர்த்தம் தேவைப்படுது" என்று சொல்லிவிட்டு அடுத்த பூசைக்கு அங்கி மாற்றப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வந்தார்கள். பிரச்சினை அங்கேதான். மாப்பிள்ளை நல்ல பையன், எனக்கு அவர்மேல் வருத்தம் ஒன்றே ஒன்றுதான், அதைப் பிறகு சொல்கிறேன். சித்தப்பா இரண்டாவது தடவை கறி போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"எதுக்குங்க ஊர் ஊரா ஓட்ட வண்டிய தேடிக்கிட்டு? பாப்பாகிட்ட இருக்கறத போடுங்க, நாங்களும் கொஞ்சம் போடுறோம். புதுசா, பெருசா, வெள்ளைல ஒண்ணு எடுத்துருவோம். நாலு பேர் பாத்தா மதிப்பா இருக்கும்."

"லோன் வருமா?" என்றார் உங்கப்பா. வாழ்க்கையில் பேசாத மனுஷன் பேசிய இடத்தைப் பார்.

"அவன் பேர்ல எடுத்தா வந்துட்டுப் போகுது. கல்யாணத்துக்கப்புறம் அவன்தானே ஓட்டப் போறான்."

நீ என்னைப் பார்த்தாய். நான் ரசத்தை ஊற்றினேன். மாப்பிள்ளை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இதுதான் நான் சொன்ன வருத்தம். தம்பி, நீங்களும் இதைப் படிப்பீர்கள். ஒரு வார்த்தை, "அவ வண்டிய அவதான் ஓட்டுவா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பாப்பா, அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வரதட்சணை என்று யாரும் வாயெடுக்கவில்லை. அந்த வார்த்தையை இப்போது யாரும் சொல்வதில்லை, வண்டி என்றுதான் சொல்கிறார்கள். நான் எழுதுகிற கணக்கு சாதாரணக் கணக்கு. இடது பக்கம் உன் ஆறு லட்சம், வலது பக்கம் இன்னொருவர் பெயரில் ஒரு வெள்ளை வண்டி. நீ திரும்ப ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு பாலவாக்கம் போவாய். "இன்னைக்கு வண்டி எனக்கு வேணும்" என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கேட்டால் கொடுப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். கேட்க வேண்டியிருப்பதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நீ கைக்குழந்தையாக இருந்தபோது நம் வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. நான் சீட்டு கட்டி எடுத்த பணத்தில் வாங்கியது. உங்கப்பா ஓட்டக் கற்றுக்கொடுத்தார், கடற்கரை ரோட்டில் விடியற்காலையில் இரண்டு மூன்று தடவை ஓட்டியும் பார்த்தேன், நன்றாக வந்தது. ஒரு புதன்கிழமை கோயிலில் நவநாள் ஜெபத்துக்குப் போய்விட்டு வந்தால் வண்டி நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. உன் பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் நல்ல விலைக்குக் கேட்டாராம், கொடுத்துவிட்டார்களாம். "என்னைக் கேட்டீங்களா?" என்றேன். "ஆர்.சி. புக் என் பேர்லதானே இருக்கு, கையெழுத்து நான்தானே போடணும்" என்றார் உங்கப்பா, வெள்ளந்தியாக. அவர் சண்டைக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அதில் கேட்பதற்கு ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நான் எந்த வண்டியையும் தொடவில்லை. எல்லார் வண்டியிலும் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே வந்திருக்கிறேன்.

அதனால்தான் நீ "விடும்மா" என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரோக்கரிடம் விடவில்லை, அடையாறு ஆளிடம் விடவில்லை, மந்திரித்த வண்டி என்று நான் அழுதபோது என்னிடமும் விடவில்லை. வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர் கறித்துண்டைக் கடித்துக்கொண்டே சொன்னதற்கு விட்டுவிடுவாயா? களைத்துப்போயிருக்கிறாய், தெரிகிறது. களைத்தால் தூங்கு. கையெழுத்துப் போடாதே.

நேற்று வாழைக்காயை அப்படியே போட்டுவிட்டு, நீ போன மாதம் குறித்துவைத்து, போன் எடுக்கவில்லை என்று விட்டுவிட்ட பாலவாக்கம் வண்டிக்காரர் நம்பருக்கு நான் போன் பண்ணினேன். எடுத்தார்கள். பஸ் ஏறிப் போனேன். உங்கப்பாவைக் கூப்பிடவில்லை. கேட்டைத் திறந்தது ஒரு பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருப்பாள், தலையில் துண்டு. நானே வெட்கப்பட வேண்டியதைக் கேட்டேன்.

"வண்டிக்காரர் இல்லீங்களா?"

"நான்தான் வண்டிக்காரி," என்றாள். "வர்றவங்க எல்லாம் இதையே கேக்குறாங்க. அதனாலதான் போனே எடுக்கறதில்ல."

மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கடல் காற்றில் கதவடியில் இரண்டு இடம் துருப்பிடித்திருக்கிறது, கிளட்ச் அடுத்த வருஷம் மாற்ற வேண்டியிருக்கும், ஏசி சத்தம் போடும் என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். கிளட்ச் செலவைக் கழிக்கச் சொன்னேன். பாதியைக் கழித்தாள். எல்லாச் செலவும் சேர்த்து நம் ஆறுக்குள் அடங்குகிறது, பஸ்ஸிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன். டாஷ்போர்டில் ஒரு பிள்ளையார் இருந்தார். அவரையும் பார்த்தேன், ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசி முழம்வரை இழுத்தும் பார்த்தேன், நாலு சீட்டுக்கும். சுத்தமாக இருந்தது. விரிப்புக்கு அடியில் கையை விட்டு முகர்ந்தேன். கடற்கரை மணல், வேறொன்றுமில்லை. மிதி ரப்பர் மீட்டருக்குத் தகுந்தபடி தேய்ந்திருந்தது.

"ஓட்டப் போறது யாரு?" என்று கேட்டாள்.

"என் பொண்ணு."

"அப்ப அவங்க வந்து ஓட்டிப் பாக்கட்டும். அவங்களுக்குப் புடிச்சாதான் குடுப்பேன். அப்பா, அண்ணன், மாமன்னு யாரும் வந்து பேரம் பேச வேணாம்."

இத்தனை மாதம் அலைந்ததில் இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டார் பார். நான் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவள் நீ. சனிக்கிழமை காலைவரை யாருக்கும் காட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

சித்தப்பா அவர்களுக்கு: இதுவரை படித்திருந்தால் நன்றி. உங்களுக்கு வெள்ளை வண்டி வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள், மந்திரிப்புக்கு நானே முன்னால் வந்து நிற்கிறேன். என் மகளின் ஆறு லட்சம் அதில் சேராது. இதனால் கல்யாணத்தில் மனத்தாங்கல் வருமென்றால், இன்னும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கவில்லை, இப்போதே வந்து பேசிவிடலாம். சோறு போட்டு வைக்கிறேன். இந்த முறை ரசம் ஊற்றிக்கொண்டு நிற்கமாட்டேன், உட்கார்ந்து பேசுவேன்.

பாப்பா, சனிக்கிழமை நோயாளி யாரையும் வைத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை வருகிறேன் என்றால் வரட்டும், பின்சீட்டில் இடம் இருக்கிறது, கொஞ்சம் இடிக்கும். முன்னால் உன் பக்கத்தில் நான் உட்காருகிறேன். அந்த எஞ்சின் இருக்கிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும், ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு தடவையாவது மிதித்துக் காட்டு. பிடித்திருந்தால் வாங்கு. பிடிக்கவில்லையென்றால் மறுபடி தேடுவோம், எனக்குப் பஸ் பாஸ் இருக்கிறது. வாங்கினாலும் நேராகக் கோயிலுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்காதே. ஃபாதரே வாளியோடு வாசலில் வந்து நின்றாலும், ஆர்.சி. புக் உன் பெயரில் என் கையில் வருகிறவரை அந்த வண்டிமேல் ஒரு சொட்டுத் தீர்த்தம் விழ விடமாட்டேன்.

உன் அம்மா